வாசல் கூட்டாத ஹவ்வா

“மறுபடியும் சிவப்புதானா தம்பி?”

“சிவப்புதான் மேடம்.”

“எத்தனாவது மாசத்துல?”

“ஏழாவதுல. போன தடவை கொஞ்சம் தாங்கிச்சு. இந்தத் தடவை சீக்கிரமே வெடிச்சிருச்சு.”

குக்கர் விசிலைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி சொல்லிவிட்டு இளம்பரிதி டீயை உறிஞ்சினான். வெடித்ததாக அவன் சொன்னது இன்னும் நடக்காத ஒரு சங்கதி. தூத்துக்குடி சங்குத்துறைக் குடியிருப்பின் சி பிளாக்கில் ஹவ்வா என்ற பெண் தன் கணவனோடும் மகளோடும் குடிவருகிறாள். ஏழாம் மாதம் பிளாக்வாசிகள் அவள் வீட்டு வாசலில் தீ வைக்கிறார்கள். குடும்பம் ஓடிப்போகிறது. இவ்வளவும் குடியமர்வு வாரியத்தின் கம்ப்யூட்டருக்குள் ஒரே மத்தியானத்தில் நடந்து முடிந்திருந்தது. அந்த நேரத்தில் அசல் சி பிளாக்கில் ஜனங்கள் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கடியில் புரண்டுகொண்டிருந்தார்கள். அசல் ஹவ்வா துறைமுகத்துக்கு வெளியே மிதவை முகாமில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மாலத்தீவின் தெற்குத் தீவுகளைக் கடல் கொண்டுபோன பிறகு பிழைத்தவர்களில் ஒரு பங்கு இந்தக் கரைக்கு வந்தது. வந்தவர்களை எங்கே குடிவைப்பது என்பதை முடிவு செய்யத்தான் இந்த நிழலோட்டம். அவர்களுக்காகப் பேசவும் அவர்களோடு பேசவும் வாரியம் வைத்திருந்த ஆற்றுப்படுத்துநர் பிரமசக்தி. ஊர்க்காரர்களுக்கு அவள் ‘கவுன்சிலிங் மேடம்’. ஐம்பத்தாறு வயது, கனத்த சரீரம், எதிராளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காத பழக்கம். பேசி முடித்த பிறகுதான் ஆபத்து.

“இன்னொரு சிவப்பு விழுந்தா ஹவ்வாவுக்குத் தரை கிடையாது, அப்படித்தானே?”

“மூணு சிவப்புன்னா நிரந்தர மிதவை மேடம். விதி அது.”

“அவ பிள்ளை மிதவையிலேயே பொறந்தது. அங்கேயே கிழவியாகணுமோ?”

இளம்பரிதி கெட்டவன் இல்லை. சேலத்துப் பையன், வேலையில் சுத்தம். பொறுமையாகத்தான் சொன்னான்: “இந்த மெஷின் வந்ததுக்கப்புறம் மாவட்டத்துல ஒரு கலவரம் கிடையாது. அதை யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சேன். கலவரம் இல்ல. சரி, பச்சை விழுந்து குடிவந்த முஸ்லிம் குடும்பம் ஒண்ணைக் காட்டு பாப்போம்.”

“மெஷினுக்கு மதம் தெரியாது மேடம்.”

“தெரியாமலே இப்படின்னா, தெரிஞ்சா என்ன ஆகும்?”

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

“அந்த நிழல்களை எப்படித்தான் செய்யுதீங்க? எனக்கு விளங்குற மாதிரி சொல்லு.”

“பிளாக்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் போன்ல என்ன எழுதுறாங்க, எதை அனுப்புறாங்க, எதுக்குக் கைகும்பிடு போடுறாங்க, எதை வாங்குறாங்க, எல்லாத்தையும் சேர்த்து அவங்களை மாதிரியே பேசுற, முடிவெடுக்கிற ஒரு நிழல். எல்லா நிழலையும் ஒரே பிளாக்ல விட்டு, வர்ற குடும்பத்தோட நிழலையும் உள்ள விடுவோம். மாசங்களை ஓட விடுவோம். அவ்வளவுதான்.”

“அப்ப சி பிளாக் நிழலுங்க தீ வச்சிருக்கு.”

“ஆமா.”

“விதிப் புத்தகத்துல ஒண்ணு இருக்கே. நிழல்ல வன்முறை தெரிஞ்சா அந்த அசல் ஆளை ஆற்றுப்படுத்துநர் கூப்பிட்டுப் பேசணும்னு.”

இளம்பரிதி டம்ளரைக் கீழே வைத்தான். “அது சும்மா இருக்கு மேடம். யாரும் செஞ்சதில்ல. நடக்காத குத்தத்துக்கு யாரைப் போய்க் கூப்பிடறது?”

“நடக்காத குத்தத்துக்கு ஹவ்வாவை மட்டும் கடல்ல போடலாமோ?”

பிரமசக்தி எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். “தீ வச்சவன், தூண்டினவன், கதவைச் சாத்திக்கிட்டவன் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் அனுப்பு. ‘தங்களிடம் தீ வைக்கும் போக்கு தென்படுவதால் ஆலோசனைக்கு வரவும்.’ இப்படியே எழுது. வார்த்தையை மெதுவாக்காதே.”

*

சி பிளாக் அன்று சாயங்காலம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ‘நான் தீ வைப்பேனா?’ என்று பால்கனிக்குப் பால்கனி கேட்டுக்கொண்டார்கள். நோட்டீஸ் வராத ஒருவர், தனக்கு ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டதாகவும் கேள்வி. ஆலோசனைக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் பிளாக் செயலாளர் தர்மக்கண். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கூடவே கீழ்வீட்டு சுயம்புக்கனி. இட்லிமாவும் கூழ்வற்றலும் விற்கிறவள், தெருவுக்கே கேட்கிற குரல்.

“எனக்கு எழுபது வயசாகப் போகுது. இதுவரைக்கும் ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல. எனக்குத் தீ வைக்கிற போக்கா?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்காரலாம் வரல. யாரு சொன்னான்னு சொல்லுங்க, அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

“நீங்கதான் சொல்லியிருக்கீய. கேக்குதீயளா?”

நிழலறை என்பது நாலு நாற்காலியும் ஒரு பெரிய திரையும்தான். பிரமசக்திக்குத் திரை பிடிக்காது. “படம் வேண்டாம் தம்பி, பேச்சை மட்டும் போடு” என்றாள். மனுஷரை முகத்தில் தேடுகிறவர்கள் உண்டு. அவள் குரலில் தேடுகிறவள்.

பேச்சு வந்தது. தர்மக்கண்ணின் கட்டைக் குரலேதான். ஆனால் வானொலி அறிவிப்பாளர் போல ஏற்ற இறக்கமில்லாமல் ஓடியது:

“சொந்தங்களே, விழித்தெழுவோம். இன்று ஒரு குடும்பம், நாளை ஒரு தெரு. அவர்கள் குடிநீர்த் தொட்டியில் எதையும் கலப்பார்கள். நம் பிள்ளைகளை நாமே காப்போம்.”

தர்மக்கண் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“இது என் குரலு. பேச்சு என்னது இல்ல. நான் எங்கம்மா ‘விழித்தெழுவோம்’னு பேசியிருக்கேன்?”

“குரூப்புல நீங்க அனுப்பினதுதான் அண்ணாச்சி.”

“அனுப்பினேன். இல்லைன்னு சொல்லல. ஆனா படிக்கலை.”

“படிக்காமலா அனுப்புனீய?”

“காலையில எந்திரிச்சதும் எது முதல்ல வந்திருக்கோ அதைத் தட்டிவிட்டிருவேன். படிச்சிட்டிருந்தா நாலாவது மாடி குருசு முந்திக்கிடுவான். அவன் முந்திட்டா அன்னிக்குப் பூராவும் அவனுக்குத்தான் எல்லாரும் கைகும்பிடு போடுவாவ.”

சுயம்புக்கனி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிரமசக்திக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“சரி. நீங்க படிக்கல. வாங்கினவன் எவனாவது படிச்சிருப்பான்லா அண்ணாச்சி?”

தர்மக்கண்ணின் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டது.

“படிச்சவன் பயந்தான். நம்ம செயலாளரே சொல்லிட்டாவன்னு நம்பினான். அவனோட நிழல்தான் பெட்ரோலைத் தூக்கிட்டு வந்துச்சு. உங்க நிழல் வெறும் விழித்தெழுவோம்தான் சொல்லிச்சு. நீங்க தீ வைக்கலை, அது நெசம். ஆனா தீக்குச்சி யாரு வீட்டுல இருந்து போச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னுதைப் போடுங்க” என்றாள் சுயம்புக்கனி. “நான் எதையும் அனுப்புறவ இல்ல. எனக்கு அதுக்கு நேரமும் இல்ல.”

அவளுடைய நிழல் அதிகம் பேசவில்லை. தீ பிடித்த நேரம் ஒரு கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. “அக்கா, தண்ணி” என்று ஒரு சின்னக் குரல். மறுபடி தட்டல். மறுபடி. உள்ளேயிருந்து டிவி சத்தம் கூட்டப்படுவது மட்டும் கேட்டது.

“நிறுத்துங்க” என்றாள் சுயம்புக்கனி.

இளம்பரிதி நிறுத்தினான்.

“நான் திறந்திருப்பேன்.”

“திறந்திருப்பியாம்மா?”

சுயம்புக்கனி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “தெரியல மேடம். பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அவங்கன்னா ஒரு பயம்.”

“எவங்கன்னா?”

“முஸ்லிம் ஆளுங்கன்னா. எல்லாரும் சொல்லுதாவல்லா, டிவியில, குரூப்புல.”

“உனக்குத் தெரிஞ்சு யாரு உனக்கு என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரிஞ்சவன்னா கூடப் படிச்ச மைமூன்தான். எனக்குப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில துணைக்குக் கிடந்தவளே அவதான். ஆனா அவ வேற.”

“அண்ணாச்சி, உங்களுக்கு?”

“எனக்கு காதர் மீரான். கிரேன்ல எனக்கு மாத்து ஆள். இருபது வருசம் ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டிருக்கோம்.” கொஞ்சம் நிறுத்தி, “அவன் வேற” என்றார்.

“என்கிட்ட வார எல்லாருக்கும் இப்படி ஒரு ‘அவ வேற’ இருக்கு. இந்த ஊர்ல இருக்கிற ‘வேற’ எல்லாரையும் ஒரு பக்கமா நிப்பாட்டினா, மிச்சம் நிக்கிறது யாரு? நீங்க பயப்படுத அந்த ஆள் எந்தத் தெருவுல இருக்கான்? அவனை யாரும் எனக்குக் காட்ட மாட்டேங்காவளே!”

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி உள்ளே வந்தாள். காலை அகட்டி அகட்டி நடந்தவள் நாலடி வைப்பதற்குள் தொப்பென்று விழுந்தாள்.

“ஏன் இந்தப் பிள்ளை குடிச்சவன் மாதிரி நடக்கு?” என்றாள் சுயம்புக்கனி.

“தரை ஆடலைல்லா” என்றபடி பின்னாலேயே வந்தாள் ஒரு பெண். முக்காட்டை இறுக்கிக் கட்டி, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். “மிதவை ஆடும். இவ பொறந்ததுலருந்து அதுலதான் நடந்திருக்கா. ஆடாத தரை அவளுக்குத் தலைசுத்துது. ஏட்டி ஸமா, எந்திரி, சீன் போடாதே.”

அவள்தான் ஹவ்வா. தமிழை அவள் மிதவைக்குச் சரக்கேற்றும் தொழிலாளர்களிடம் கற்றிருந்தாள். அதனால் அவளுடைய தமிழில் மரியாதையும் வசவும் ஒரே மூட்டையில் வந்தன. தன் நிழல் பேசியதைக் கேட்க அவளை வரச்சொல்லியிருந்தவள் பிரமசக்தியே. சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கும் ஓட்டத்தைக் கேட்கும் உரிமை உண்டு.

“மேடம், நாங்க தீயில செத்தமா, ஓடிட்டமா?”

“ஓடிட்டீங்க.”

“நல்லவேளை. போடுங்க, நான் எப்படி இருந்தேன்னு கேக்கணும். அவ்வளவு கோவம் வர மாதிரி என்ன சவத்தைச் செஞ்சேன்?”

இளம்பரிதி ஹவ்வாவின் நிழலை ஓடவிட்டான். ஒரு பெண் குரல். தணிந்த, கனத்த குரல். கேட்டதற்கெல்லாம் மத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அடங்கிப்போனது. கதவு சாத்தும் சத்தம். ஆண்கள் பையோடு வந்து போகும் சத்தம். மறுபடி கதவு. மாதங்கள் ஓடின. அவள் ஒருமுறையும் சிரிக்கவில்லை, தும்மவில்லை, பிள்ளையைத் திட்டவில்லை.

ஹவ்வா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கேட்டாள்: “யாரு இவ?”

“நீங்கதான்” என்றான் இளம்பரிதி.

“நானா? இந்த ஊமைக்கோட்டானா? இவளுக்கு எந்தத் தீவு?”

“உங்க தீவுதான்னு...”

“தம்பி, ஒண்ணு கேக்கேன். இவ இங்க ஏழு மாசம் இருந்திருக்கா. ஒரு நாளாவது கூட்டுற சத்தம் கேட்டுச்சா?”

“என்ன கூட்டுற?”

“மாறு. ஈர்க்குமாறு! எங்க தீவுல விடியுமுன்ன பொம்பளைங்க எல்லாம் மாறைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு வந்துருவோம். நம்ம வாசல் மட்டுமில்ல, கடற்கரை வரைக்கும் கூட்டுவோம். ஊர்வம்பு பூரா அங்கதான். யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு அங்கதான் தெரியும். இப்ப மிதவையில மண்ணே இல்ல, நான் பலகையக் கூட்டுதேன், லோடுமேன் எல்லாம் சிரிக்கான். கூட்டாம இருந்தா எனக்குக் கை நமநமங்கும். இவ ஏழு மாசமா மாறையே தொடல. இது நான் இல்ல. எங்க ஊர்க்காரி எவளும் இல்ல.”

“ஏழு மாசம் வாசல் கூட்டலியா?” சுயம்புக்கனி நிமிர்ந்தாள். “என் வீட்டுக்கு எதுத்தாப்புல இருந்துக்கிட்டா? அப்படின்னா ரெண்டாம் நாளே போய்க் கேட்டிருப்பேனே! ‘என்னம்மா, கை சுளுக்கா?’ன்னு. என் நிழலு அதையும் கேக்கலியே.”

இரண்டு பெண்களும் இளம்பரிதியைப் பார்த்தார்கள். பிரமசக்தியும் பார்த்தாள்.

“தம்பி, சொல்லு. ஹவ்வாவோட நிழலை எதுல செஞ்சீங்க?”

அவன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினான். தேடத் தேட முகம் சிறுத்தது. “இவங்க போன், பழைய கணக்கு எல்லாம் அந்தத் தீவுல இருந்த சர்வரோட போயிருக்கு மேடம். இவங்களைப் பத்தி எதுவும் கிடைக்கல. கிடைக்காத இடத்துல... அது தானா நிரப்பிக்கும்.”

“எதை வச்சு?”

“பொதுவா அந்த மாதிரி ஆளுங்களைப் பத்தி வெளியில கிடக்கிறதை வச்சு. செய்தி, விவாதம், குரூப்ல சுத்துறது...”

“எந்தக் குரூப்பு?”

“எல்லாக் குரூப்பும்தான் மேடம். சி பிளாக்கும் சேர்த்து.”

தர்மக்கண் இருக்கையிலிருந்து எழுந்தார்.

“அப்ப நான் தட்டிவிட்டதுதான் அந்த வீட்டுல குடிவந்துச்சா?”

இளம்பரிதி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

“அதைப் பாத்துத்தான் நாங்க பயந்து, அதுக்குத்தான் தீயும் வச்சோமா?”

“அண்ணாச்சி” என்றாள் ஹவ்வா, “நான் பாவம்னு நெனைச்சேன். நீங்க என்னைவிடப் பாவமா இருக்கீய.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவருக்கு உறைத்தது.

பிரமசக்தி நாற்காலியை இளம்பரிதிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி தம்பி. இந்தப் பொய் நிழலைத் தூக்கிப் போடு. அசல் ஹவ்வாவை வை.”

“அதுக்கு இவங்களோட அசல் தரவு வேணும் மேடம். ஆறு மாசமாவது அக்கம்பக்கத்தோட வாழ்ந்திருக்கணும். மிதவைக் கணக்கு செல்லாது.”

“வீடு வேணும்னா நிழல் வேணும்.”

“ஆமா.”

“நிழல் வேணும்னா வீடு வேணும்.”

“...ஆமா மேடம்.”

“வெளிச்சத்துல ஆளை நிக்கவிடாம நிழல் எங்கன்னு கேக்குதீங்களேப்பா! இதுல எது முதல்ல வரணும்னு நீயே சொல்லு.”

அவன் நெற்றியைத் தேய்த்தான். “சோதனைக் குடியிருப்புன்னு ஒண்ணு இருக்கு. பிளாக்ல ரெண்டு பேர் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா ஆறு மாசம் விடலாம். அது முடிஞ்சு ஓடுறது மூணாவது ஓட்டம். அதுல சிவப்பு வந்தா, மேடம், அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

ஒப்புதல் தாளைத் தர்மக்கண் வாங்கினார். கண்ணாடியை மாட்டி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். அடிக்குறிப்பைப் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். ஸமா ரெண்டுமுறை விழுந்து எழுந்தாள். இளம்பரிதிக்குக் கொட்டாவி வந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

சுயம்புக்கனி பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். “மேடம், நான் மனசு மாறிட்டேன்னு எழுதிறாதீய. எனக்கு இன்னமும் பயம்தான்.”

“இருக்கட்டும். பயத்தோடயே போடு. பயம் போனாத்தான் கையெழுத்துன்னா இந்த உலகத்துல ஒரு கல்யாணமும் நடந்திருக்காது.”

அவள் போட்டாள்.

*

அந்த ஆறு மாதமும் தேனாக ஓடியது என்று சொன்னால் அது கதை. குடிவந்த வாரமே சுவரில் எவனோ அசிங்கமாக எழுதிவைத்தான். தர்மக்கண் தானே சுண்ணாம்பு அடித்தார்; அடித்த இடம் திட்டுத் திட்டாக இன்றும் தெரிகிறது. நாலாவது மாடி குருசு தன் செருப்பு ஸ்டாண்டை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார், என்னமோ ஹவ்வா செருப்பைத் திருடப் போகிறாள் என்கிற மாதிரி. குழாயடியில் ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்தாள். பிரமசக்தி வாரந்தவறாமல் போனாள். முணுமுணுத்தவர்களின் வீட்டில்தான் முதலில் காபி குடித்தாள். “உங்களுக்கு என்ன பயம், சொல்லுங்க, கேக்கத்தான் வந்திருக்கேன்” என்பாள். சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே பாதியில் சலித்துப்போனது. சிலருக்குச் சலிக்கவும் இல்லை. முதல் மாடி வாத்தியார் கடைசிவரை அவளையும் உள்ளே விடவில்லை. ஹவ்வாவிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: “எல்லாருக்கும் நல்லவளா இருக்கணும்னு பாடுபடாதே. குடியிரு, அது போதும்.”

மூன்றாவது ஓட்டம் முடிந்த அன்று மதியம் இளம்பரிதி போன் செய்தான்.

“மேடம், சிவப்பு.”

“அசல் ஹவ்வாவை வச்சுமா?”

“அசலை வச்சுத்தான். பிளாக்ல பகையை அளக்கிற கொதிநிலை முன்னைவிட அதிகம். வெளியேத்துற உத்தரவு வந்திருக்கு. நானே நேர்ல கொண்டு போகணும்.”

“வா. நானும் வாரேன். நீ ஓட்டுன பிளாக்கை ஒரு நாளாவது கண்ணால பாத்திருக்கியா?”

“இல்ல.”

“பாரு.”

சி பிளாக்கின் கேட்டைத் தாண்டும்போதே மொட்டை மாடியிலிருந்து சத்தம் கேட்டது. இளம்பரிதி நின்றுவிட்டான். “இதான் மேடம். பிளாக் போன்கள்ல தினம் இப்படித்தான் பதிவாகியிருக்கு.” பிரமசக்தி காதைக் கொடுத்துக் கேட்டாள். கேட்டதும் அவள் முகம் இளகியது. “ஏறு” என்றாள்.

மேலே இரண்டு பாய். ஒன்றில் கூழ்வற்றல், மற்றொன்றில் வாளைக்கருவாடு. நடுவில் இரண்டு பெண்கள்.

“உன் கருவாட்டுக்கு வந்த காக்கா என் வத்தல்ல எச்சம் போட்டுட்டுப் போகுது! இதை எவன் வாங்குவான்? ஓங்கிட்ட எத்தனை தடவை சொல்லுதது, மேக்கால போய்க் காயப்போடுன்னு?”

“மேக்கால நிழலு விழுது! கருவாடு என்ன ஊறுகாயா, நிழல்ல காய? வேணும்னா நீ போ. மாடி என்ன உங்கப்பன் வீட்டுச் சீதனமா?”

“எங்கப்பனை இழுக்காதே!”

“இழுத்தா வருவாரா? வந்தா அவர்கிட்ட ஞாயம் கேக்கேன்!”

“ஏ ஹவ்வா, வாய் நீண்டு போச்சு உனக்கு.”

“யாரு நீட்டிவிட்டா? உன் பக்கத்துலதானே குடியிருக்கேன்!”

தர்மக்கண் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க மேடம். இப்பதான் ஆரம்பிச்சிருக்கு” என்றார், சினிமாவுக்கு இடம் பிடித்துக் கொடுப்பவர்போல.

இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவை வாசித்தான். கொதிநிலை மிகுதியால், பொது அமைதி கருதி, ஹவ்வா குடும்பத்தாரை மிதவைக்கு...

சண்டை நின்றது. ஹவ்வாவின் கையிலிருந்த கருவாடு பாயில் விழுந்தது.

“யாரு சொன்னா இவளை வெளியேத்தச் சொல்லி?” என்று முன்னால் வந்தாள் சுயம்புக்கனி.

“உங்க பதிவுதாம்மா. தினமும் சத்தம், வாக்குவாதம்...”

“சத்தம் போட்டா வெளியேத்துவீயளா? அப்ப எங்க மாமியாரை ஏன் இத்தனை வருசமா விட்டுவச்சிருக்கீய?”

“அம்மா, மெஷின் சொல்றது...”

“நான் இவகூடச் சண்டை போடுதேன். அது எனக்கும் இவளுக்கும். நடுவுல உன் மெஷினு யாரு? இவ போயிட்டா நான் யார்கிட்ட கத்துறது, அந்த வாத்தியார்கிட்டயா? அவரு கதவைத் திறக்கவே மாட்டாரு.”

பிரமசக்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். “தம்பி, ஒண்ணு சொல்லு. முதல் ரெண்டு ஓட்டத்துல இந்தச் சத்தம் இருந்துச்சா?”

அவன் யோசித்தான். “இல்ல மேடம். அதுல யாரும் யார்கிட்டயும் பேசவே இல்ல. நேரா தீதான்.”

“பயந்தவன் சண்டை போட மாட்டான். கதவைச் சாத்திக்கிடுவான். கருவாட்டுக்காக உங்கப்பனை இழுக்கணும்னா எவ்வளவு நம்பிக்கை வேணும் தெரியுமா? உன் மெஷின் ரெண்டுக்கும் ஒரே செவப்பைப் பூசிவச்சிருக்கு.”

“அதை நான் எப்படி மேடம் நிரூபிக்கிறது? மேல கேப்பாங்க.”

“கையில டேப்லெட் வச்சிருக்கியே, அதுல ஓட்ட முடியுமா?”

“முடியும்.”

“சி பிளாக்கை ஓட்டு. ஹவ்வா குடும்பத்தை எடுத்துட்டு ஓட்டு. யாரும் புதுசா வரல. பழைய ஆளுங்க மட்டும்.”

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். “அப்படி ஓட்டினதே இல்ல மேடம். அகதி வராத பிளாக்கை எதுக்கு ஓட்டணும்?”

“அதான் கேக்கேன், எதுக்கு ஓட்டல?”

அவன் கைப்பலகையைத் தட்டினான். எல்லாரும் சுற்றி நின்றார்கள். தர்மக்கண் எட்டிப் பார்த்தார். மாடி வெயிலில் அந்தத் திரை மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் படர்ந்த நிறம் எல்லாருக்கும் தெரிந்தது.

“சிவப்பு” என்றான் இளம்பரிதி, அவனுக்கே கேட்காத குரலில். “மூணாம் மாசமே.”

“காரணம்?”

“வண்டி நிறுத்துற இடம். செயலாளருக்கும் நாலாவது மாடி குருசுக்கும்.”

“அது உள்ளதுதான்” என்றார் தர்மக்கண், பெருமையாக.

ஹவ்வா முதலில் சிரித்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சுயம்புக்கனி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். “சிரிப்பென்ன? காக்காவை விரட்டு, மறுபடி வருது பாரு.”

இளம்பரிதி உத்தரவை நாலாக மடித்துப் பையில் வைத்தான். “மேல நான் எழுதிக்கிறேன் மேடம். ஹவ்வா இருந்தாலும் சிவப்பு, இல்லாட்டியும் சிவப்புன்னா, சிவப்புக்கு அவங்க காரணம் இல்ல. இதுக்கு முன்னாடி சிவப்பு விழுந்த அத்தனை பிளாக்கையும் இந்த மாதிரி ஓட்டிப் பாக்கணும். மிதவையில இருக்கிற எல்லார் பேருக்கும்.”

“ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கேக்குதேன்.”

கீழே இறங்கும்போது பிரமசக்தி படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீ குடியிருக்கிறது எங்க தம்பி?”

“ஸ்டேட் பாங்க் காலனி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்.”

“அகதிங்க யாரும் உண்டா?”

“யாரும் இல்ல மேடம்.”

“அதையும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாரேன், இங்கேயே.”

அவன் கைப்பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அதை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“வேண்டாம் மேடம். எங்க மேல்வீட்டுக்காரர் பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்துவார். அது எங்க பால்கனியிலதான் வந்து விழும்.”